இயந்திரத்துக்குக் கிடைக்கும் வரிச்சலுகை, கற்கிறவனுக்குக் கிடைக்குமா?

வரி: வாசகர் கேள்வி பதில்
பதில் சொல்பவர்: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அலுவலகம் வைத்திருக்கும் ஆடிட்டர்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், பலரும் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு வகையில் கேட்டிருக்கிறார்கள். கையில் இருக்கிற பணத்தை இயந்திரத்தில் போடுவதா, மனிதர்களின் படிப்பிலும் பயிற்சியிலும் போடுவதா? வரிச் சட்டம் எதன் பக்கம் நிற்கிறது? நிறைய எழுத வேண்டிய விஷயம் என்பதால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு குறிப்பு: 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம், 2025 வந்துவிட்டது. பிரிவு எண்கள் எல்லாம் மாறியிருக்கின்றன. அதனால் எண்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நானும் என் தம்பியும் ஓசூரில் பங்குதாரர் நிறுவனமாக ஜாப் ஒர்க் பட்டறை (மற்றக் கம்பெனிகளுக்கு உருப்படி செய்து கொடுப்பது) நடத்துகிறோம். ஜி.எஸ்.டி. தவிர்த்து 40 லட்சம் ரூபாயில் புதிய சி.என்.சி. இயந்திரம் (கணினிக் கட்டளைப்படி கடைவது) ஒன்றைக் கடனில் வாங்கி, ஆயுத பூஜை அன்று ஓட்டத் தொடங்கலாம் என்று இருக்கிறோம். எங்கள் சூப்பர்வைசரோ, முதலில் இருக்கிற பையன்களுக்கு 2 லட்சம் செலவழித்து முறையான பயிற்சி கொடுங்கள் என்கிறார். "பயிற்சி கொடுத்தால் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவான். இயந்திரம் எங்கும் போகாது, வரிச்சலுகையும் உண்டு" என்பது தம்பியின் வாதம். யார் சொல்வது சரி?
— வாசகர், ஓசூர்

பதில்: வரிக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் சூப்பர்வைசர் சொல்வதுதான் சரி. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

பங்குதாரர் நிறுவனத்துக்கு வருமான வரி 30%, அந்த வரித் தொகையின் மேல் 4% செஸ் என்னும் கூடுதல் வரி. ஆக லாபத்தில் 31.2% வரியாகப் போகிறது. புது இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15% தேய்மானம், அதாவது அதன் விலையில் அவ்வளவை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்கலாம். உற்பத்தித் தொழிலில் இருப்பவர் புத்தம் புதிதாக வாங்கினால், முதல் ஆண்டில் கூடுதலாக 20%. இரண்டும் சேர்ந்து 35%. உங்கள் 40 லட்சத்தில் 14 லட்சத்தை இந்த ஆண்டு லாபத்திலிருந்து கழிக்கலாம். வரியில் மிச்சம் 4,36,800 ரூபாய். மீதி 26 லட்சம் அடுத்தடுத்த ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டும் எஞ்சிய தொகையில் 15% என்று மெல்லக் கரையும்.

ஆனால் இதற்குள் ஒரு தேதி ஒளிந்திருக்கிறது. நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்ட இயந்திரத்துக்கு அந்த ஆண்டு பாதிதான் கிடைக்கும். அக்டோபர் 3-ஆம் தேதியைத் தாண்டி ஓடத் தொடங்கினால் 14 லட்சம் 7 லட்சமாகிவிடும். இந்த ஆண்டு ஆயுத பூஜை அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வருகிறது. விட்டுப்போன பாதி அடியோடு போய்விடாது. பின்னால் வரும் ஆண்டுகளில் கிடைக்கும். ஆனாலும் புதுக்கடன் தலைமேல் இருக்கிற முதல் ஆண்டில் 2,18,400 ரூபாய் கூடுதலாக வரி கட்டுவது சின்ன விஷயமில்லை. எனவே செப்டம்பரிலேயே ஓட்டத் தொடங்குங்கள். சந்தனமும் குங்குமமும் ஆயுத பூஜை அன்று வைத்துக்கொள்ளலாம். பில் தேதி மட்டும் போதாது. இயந்திரத்தை நிறுவிய அறிக்கை, முதலில் ஓடிய வேலையின் ஜாப் கார்டு (வேலைச் சீட்டு), மின்கட்டண ரசீது மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

இனி பயிற்சிக்கு வருவோம். நிறுவனம் தன் ஊழியருக்குக் கொடுக்கும் பயிற்சி சாதாரணத் தொழில் செலவு. 2 லட்சம் செலவழித்தால் அந்த 2 லட்சமும் இந்த ஆண்டே கழியும். 35% அல்ல, 100%. வரியில் மிச்சம் 62,400 ரூபாய். இயந்திரத்தில் போட்ட ரூபாயில் பெரும்பகுதி வரிக் கணக்கில் நுழையக் காத்திருக்கும்போது, பயிற்சியில் போட்ட ரூபாய் முழுவதும் உடனே நுழைந்துவிடுகிறது. இன்று கழிக்கிற ரூபாயும் ஐந்து ஆண்டு கழித்துக் கழிக்கிற ரூபாயும் ஒன்றல்ல என்பது வட்டி கட்டுகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் ஊரில் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு பேசி, விடுவார்கள். விளைச்சலில் பாதி கேட்கிற நிலக்காரர் விதைக்கும் உரத்துக்கும் பாதி கொடுத்துவிட்டால், உழுகிறவர் மனம் தளரமாட்டார். விளைச்சலில் மட்டும் பங்கு கேட்டால்தான் அடுத்த போகத்துக்கு உரம் போடக் கை வராது. வருமான வரியும் அப்படித்தான். செலவு முழுவதையும் உடனே கழிக்க விட்டால், லாபத்தில் 31 பைசா கேட்கும் அரசு முதலீட்டிலும் 31 பைசா போட்டதாகிறது. பயிற்சி விஷயத்தில் உங்களுக்கு அரசு அப்படிப்பட்ட பங்காளிதான். இயந்திரத்தில் தன் பங்கைத் தவணையாகத் தருகிறது.

பிறகு ஏன் எல்லோரும் இயந்திரத்தின் பின்னாலேயே ஓடுகிறார்கள்? வங்கி இயந்திரத்தை அடமானமாக வைத்துக் கடன் தரும். கற்ற கையை அடமானம் வைக்க முடியாது. மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக வரும் மூலதன மானியமும் இயந்திரத்தின் விலையைப் பார்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. (அந்த மானியம் கிடைத்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் தேய்மானம் போட வேண்டும். 10 லட்சம் மானியம் என்றால் உங்கள் கணக்கு 30 லட்சத்திலிருந்து தொடங்கும்.) எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் தம்பி சொல்கிற பயம். அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஓசூரில் கற்றவனைப் பெரிய ஆலை இரண்டாயிரம், மூவாயிரம் கூட்டிக் கொடுத்து அழைத்துக்கொள்வது உண்மைதான். உங்கள் செலவில் விளைந்த திறமை இன்னொருவருக்குப் பயன்படுகிறது. நாட்டுக்கு அது நஷ்டமில்லை, நஷ்டம் உங்களுக்குத்தான். இந்த இடத்தில்தான் அரசு கூடுதலாகக் கைகொடுக்க வேண்டும். கொடுத்தும் பார்த்தது. 2012-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், அங்கீகரிக்கப்பட்ட திறன் பயிற்சித் திட்டங்களுக்குக் கம்பெனிகள் செலவழித்தால் ஒன்றரை மடங்காகக் கழித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். உங்களைப் போன்ற பங்குதாரர் நிறுவனங்களுக்கு அது அப்போதும் இல்லை. 2020 ஏப்ரல் முதல் கம்பெனிகளுக்கும் ஒரு மடங்காகச் சுருங்கிவிட்டது. இயந்திரத்துக்கான கூடுதல் 20% நிற்கிறது, மனிதருக்கான கூடுதல் போய்விட்டது. இது எனக்குப் பெரிய வருத்தம்.

தணிக்கையின்போது சரக்கு இருப்பைச் சரிபார்க்கப் பட்டறைகளுக்குள் போவேன். போனதும் நான் தேடுவது சிவப்புப் பெட்டியை. கழித்துப் போட்ட உருப்படிகள் அதில்தான் கிடக்கும். ஒரு பட்டறையில் அதிலிருந்து ஒரு புஷ்ஷை (நடுவில் துளையுள்ள உருளை உருப்படி) எடுத்துக் கையில் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது, எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உட்துளை ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு பெரிதாகிவிட்டதாம். இன்செர்ட் என்னும் வெட்டுமுனை தேயத் தேய ஆஃப்செட்டை (இயந்திரத்தில் பதியும் திருத்த அளவை) எவ்வளவு மாற்ற வேண்டும் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அவர் தோராயமாகக் கூட்டியிருக்கிறார். வெளிவிட்டம் கூடினால் இன்னொரு முறை கடைந்துகொள்ளலாம். துளை பெரிதானால் எடைக்குத்தான் போடவேண்டும். மூலப்பொருள், மின்சாரம், இயந்திர நேரம் மூன்றும் அந்தப் பெட்டியில் கிடந்தன. 40 லட்சம் ரூபாய் இயந்திரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

அதனால் இரண்டையும் செய்யுங்கள். ஆனால் பயிற்சியை முதலில் செய்யுங்கள். முடித்தவருக்கு அன்றே சம்பளத்தைக் கூட்டுங்கள். சிலர் அப்படியும் போவார்கள். புதிய ஆட்களைச் சேர்ப்பதற்கும் ஒரு நல்ல சலுகை இருக்கிறது. உங்கள் கணக்கு கட்டாயத் தணிக்கைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், மொத்த ஆள் எண்ணிக்கை கூட வேண்டும், புதியவரின் சம்பளம் மாதம் 25,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, பி.எஃப். இருக்க வேண்டும், சம்பளம் வங்கி வழியாகப் போக வேண்டும், ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இவை எல்லாம் பொருந்தினால் அவர்களுடைய சம்பளத்தில் 30 சதவீதத்தை, ஏற்கெனவே செலவாகக் கழித்ததற்கு மேலாக, மூன்று ஆண்டுகளுக்குக் கழிக்கலாம். ஐ.டி.ஐ. முடித்த நான்கு பேரை 15,000 சம்பளத்தில் எடுத்தால் ஆண்டுச் சம்பளம் 7.2 லட்சம். கூடுதல் கழிவு 2.16 லட்சம். மூன்று ஆண்டுகளில் வரி மிச்சம் ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய். உங்கள் சூப்பர்வைசர் பயிற்சிக்குக் கேட்ட தொகை அதிலேயே வந்துவிடுகிறது. தகுதி இருந்தும் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கடைசியாக, பயிற்சி நிலையத்தின் பில்லைப் பையன் பெயரில் வாங்காதீர்கள். நிறுவனத்தின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் அதில் இருக்க வேண்டும். 10,000 ரூபாய்ப் பயிற்சியை அந்தப் பையன் தன் கையிலிருந்து படித்தால், 18% சேர்ந்து 11,800 ரூபாய் போகும். ஒரு பைசா திரும்பாது. அதையே நீங்கள் கட்டினால் 1,800 உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழிந்து, திரும்பும். மீதி 10,000 செலவாகக் கழிந்து, வரியில் 3,120 மிச்சமாகும். உங்களுக்கு உண்மையில் ஆனது 6,880. படிப்பு ஒன்றுதான், மாதம் 15,000 வாங்குகிறவனுக்கு 11,800, முதலாளிக்கு 6,880. சட்டம் இப்படி இருக்கிறவரை, அவனுக்காக அதைக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

கேள்வி: பழைய லேத் ஒன்றைத் தெரிந்தவரிடமிருந்து 3 லட்சத்துக்கு ரொக்கமாக வாங்கினேன். தேய்மானம் உண்டா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இல்லை. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய சொத்தின் விலை தேய்மானக் கணக்கில் சேராது. வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் 15% கிடைத்திருக்கும். பழைய இயந்திரம் என்பதால் கூடுதல் 20% எப்படியும் கிடையாது. இனி வாங்கும்போது காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கொடுங்கள்.

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். கட்டணம் 20,000, ஜி.எஸ்.டி. 3,600 என்று வாங்கினார்கள். கல்லூரியில் படித்தபோது இப்படி வரி கட்டிய நினைவில்லை. படிப்புக்கு வரி உண்டா?
— வாசகர், அரூர்

பதில்: உண்டு தம்பி. பள்ளி, அங்கீகாரம் பெற்ற பட்டம் தரும் கல்லூரி, அங்கீகரிக்கப்பட்ட ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. தனியார் பயிற்சி மையம் அதற்குள் வராது, அதற்கு 18%. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், அழிப்பான் எல்லாவற்றுக்கும் வரியை நீக்கினார்கள். அந்த நோட்டில் எழுதச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு வரி அப்படியே இருக்கிறது.

மேலே ஓசூர்க்காரருக்கு எழுதியதைப் படித்துப் பாருங்கள். அவர் இயந்திரத்துக்குக் கட்டும் 7.2 லட்சம் ஜி.எஸ்.டி. அவருடைய விற்பனை வரியில் கழிந்து திரும்பிவிடும். உங்கள் 3,600 திரும்ப வழியே இல்லை. நீங்கள் எதையும் விற்கவில்லையே! நாளை வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பதற்காக இன்று செய்கிற முதலீடு இது. ஆனாலும் சட்டம் இதை ஓட்டலில் சாப்பிட்டது போன்ற நுகர்வாகவே பார்க்கிறது. வேலை தேடும் பட்டதாரி கட்டும் பயிற்சிக் கட்டணத்தில் இந்த 18% இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரிய நகரங்களில் லட்சக்கணக்கில் வாங்குகிற மையங்களையும் அரூரில் மாடிப்படியேறிப் போகிற ஒற்றை அறை மையத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. கட்டணத்துக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே விலக்குத் தரலாம்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது: பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குள் இருக்கும் மையம் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. எண் இல்லையென்றால் 3,600 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். இன்னொன்று, தருமபுரி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாகவே பயிற்சி தருகிறார்கள். போய் விசாரியுங்கள்.

கேள்வி: அம்மா, என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் ஆண்டுக்கு 7.5 லட்சம் சம்பளம். கல்விக் கடன் வாங்கினால் வரிச்சலுகை கிடைக்கும் என்கிறார்கள். மாமியார், "ஓசூர் கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வருகிறது, மாதம் 15,000 கிடைக்கும், எதற்குக் கடன்?" என்கிறார். என்ன செய்யட்டும்?
— வாசகி, பாலக்கோடு

பதில்: முதலில் வரிச்சலுகையை மறந்துவிடுங்கள் அம்மா. சம்பளக்காரர் பழைய முறை, புதிய முறை என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்து வரி கட்டலாம். புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரி இல்லை. உங்கள் கணவர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. கல்விக் கடன் வட்டியை வருமானத்திலிருந்து கழிக்கும் சலுகை பழைய முறையில் மட்டும்தான் இருக்கிறது. அதற்காகப் பழைய முறைக்குப் போனால் வீணாக வரிதான் கட்ட நேரும்.

வரிக்கழிவு மூலம் கல்வியை ஊக்குவிப்பதில் உள்ள குறையே இதுதான். 30% வரி கட்டுகிற குடும்பத்துக்கு நூறு ரூபாய் வட்டியில் 31 ரூபாய் மிச்சம். வரியே கட்டாத குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. யாருக்குக் கடன் சுமையோ அவர்களுக்குச் சலுகை எட்டுவதில்லை. உங்களைப் போன்ற வீடுகளுக்குக் கையில் நேரடியாக வருவதுதான் உதவி. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். நாம் தீப்பெட்டி வாங்கும்போதுகூடக் கட்டுகிற வரியிலிருந்து வருகிற பணம்தான் அது. தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. படிப்பின் பெரிய செலவு கல்லூரிக் கட்டணம் அல்ல, அந்த நான்கு ஆண்டுகளில் வராமல் போகிற சம்பளம். மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1.8 லட்சம், நான்கு ஆண்டுக்கு 7.2 லட்சம். கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரி கிடைத்தால் கட்டணம் இதைவிட மிகவும் குறைவாகவே இருக்கும். வரும் சம்பளத்துக்கு வரி உண்டு. விட்டுக்கொடுத்த சம்பளத்துக்கு வரி இல்லை. ஆக அந்தப் பெரிய செலவில் வருமான வரி குறுக்கே வரவில்லை. பின்னால் அவள் சம்பாதிக்கும்போதும் 12 லட்சம்வரை வராது. உங்கள் மகளின் படிப்புக்குத் தடை வரி அல்ல. கடன் வட்டியும், வீட்டில் ஒரு சம்பளம் தள்ளிப்போவதும்தான். மாமியாரிடம் பேசும்போது அந்த 7.2 லட்சத்தை மறைக்காமல் வைத்துப் பேசுங்கள். கம்பெனி வேலையில் தொடங்கும் 15,000 பத்து ஆண்டு கழித்து எவ்வளவாகும், பொறியியல் முடித்தவள் சம்பளம் எவ்வளவாகும் என்று அதே கம்பெனியில் வேலை செய்யும் ஊர்ப் பெண்களிடம் விசாரித்து அவர் முன்னால் வையுங்கள். என்னைக் கேட்டால், படிக்க விரும்புகிற பெண்ணைப் படிக்க வைப்பேன்.

கடன் வாங்குவதானால் வங்கியில் வாங்குங்கள். 7.5 லட்சம்வரை சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்கும். நகைக்கடனிலோ உறவினரிடமோ வாங்கிப் படிக்க வைத்தால், பிற்பாடு வட்டிக் கழிவு கேட்க முடியாது. மகளையும் கடனில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் பெரிய சம்பளத்துக்குப் போய்ப் பழைய முறை லாபமாக இருந்தால், தான் கட்டும் வட்டியை முழுவதுமாகக் கழிக்கலாம்; அதற்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகள்தான் அந்த உரிமை.

கேள்வி: பென்னாகரம் பக்கம் மூன்று ஏக்கரில் தக்காளி வைக்கிறேன். சொட்டுநீர் போடலாம் என்றிருக்கிறேன். எனக்கு என்ன வரிச்சலுகை?
— வாசகர், பென்னாகரம்

பதில்: விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அதனால் தேய்மானம் கழிக்கவும் இடமில்லை. ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு வழி இல்லை என்பதால், வரி விகிதம் குறைந்தால்தான் லாபம். சொட்டுநீர்க் கருவிகளுக்கு 2025 செப்டம்பரில் 12 சதவீதம் 5 ஆனது, டிராக்டருக்கும் அப்படியே. உங்களுக்கான உண்மையான உதவி மானியம்தான். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு சொட்டுநீருக்கு 100% மானியம் தருகிறது, மற்றவர்களுக்கு 75%. மூன்று ஏக்கர் என்றால் நீங்கள் சிறு விவசாயிதான். தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி, சிட்டா, அடங்கல், ஆதார் நகலோடு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் பதியுங்கள். குழாய் வாங்கிப் போட்ட பிறகு விண்ணப்பித்தால் கிடைக்காது. முதலில் பதிவு, பிறகு வேலை.